அணியத்தில் மூன்று அடி

கலந்தர் நெய்னா வள்ளத்துக்குச் சொன்ன விலை தொண்ணூறாயிரம்.
நீளம் பதினெட்டு அடி.
அணியத்தில் நீலம், கடையாலில் பச்சை,
நடுவில் பெயிண்ட் தீர்ந்துபோன நிறம்.

ஆனி கடைசி வெள்ளி
பதினைந்தாயிரம் அச்சாரம் கொடுத்தேன்.
ஆடி பிறந்துவிட்டால் சின்னப்பாலத்தில்
எவரும் எதற்கும் கை நீட்டமாட்டார்கள்.
முத்திரைத்தாள் இல்லை.
நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து
பின்பக்கம் அவர் மகள் எழுதினாள்:
நம்புத்தாயிடம் பெற்றது.
பாக்கி ஆவணி பத்துக்குள்.
தவறினால் அச்சாரம் திரும்பாது.
வாப்பா பேச்சு மாறினால் இரண்டாய்த் திரும்பும்.

கணக்கு சுலபம்.
அடிக்கு ஐயாயிரம்.
மூன்று அடி என்னுடையது.
எந்த மூன்று?
அணியத்தை எடுத்துக்கொண்டேன், யாரிடமும் சொல்லாமல்.
அலையை முதலில் பார்ப்பது அதுதானே.

மறுநாள் விடியலில்
என் மூன்று அடியை மிதித்து ஏறி
அவர் நண்டு வலைக்குப் போனார்.
பிடித்ததெல்லாம் அவருக்கு. அதுதான் முறை.
பரிசம் போட்ட பெண்ணைப்போல
சோறு அங்கே, பேர் இங்கே.
நங்கூரத்தை அவர் தூக்கி வீசும்போதெல்லாம்
மெதுவா, மெதுவா என்று
கரையில் என் வாய் அசையும்.

அந்தப் பதினைந்தாயிரம் ஏது என்று யாரும் கேட்கவில்லை.
பாசி ஏவாரி தீத்தாரப்பன் தந்தது.
அதற்கும் அச்சாரம் என்றுதான் பேர்.
திருப்பிக் கேட்கமாட்டார். கேட்டதே இல்லை.
அது நிற்கும்வரை
விரலில் துணி சுற்றி, பாரில் வயிறு உரச
மூழ்கி நான் பறிக்கிற பாசி
அவர் தராசில்தான் ஏறும்,
அவர் சொல்லும் விலைக்கு.
பக்கத்துத் தராசில் கிலோவுக்கு எட்டு ரூபாய் கூட.
நான் கொடுத்ததற்கு ஆவணி பத்து.
வாங்கியதற்கு
எந்தத் தாளிலும் தேதி இல்லை.

ஆடி பதினேழு ராத்திரி கச்சான் கிளம்பியது.
கூரைத் தகரம் பறந்ததைப் பார்க்காமல்
கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.
விடிந்தபோது வள்ளம் கல்லின்மேல்.
நாலு பலகை போயிருந்தது.
ஓட்டைக்குள் கையை விட்டு
அந்தப் பக்கம் விரல்களை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்
கலந்தர் நெய்னா.

கூட்டம் கூடிவிட்டது.
நஷ்டம் கொடுத்தவளுக்கு என்றான் ஒருவன்.
வச்சிருந்தவனுக்கு என்றான் இன்னொருவன்.
கேஸ் போட்டால் பத்து வருஷம் என்று
டீ கிளாஸோடு ஒருவர்.
நான் அணியத்துக்குப் போய்த் தடவினேன்.
கீறல்கூட இல்லை.
"என் மூணு அடி நல்லாருக்கு."
மனசுக்குள் சொன்னதாக நினைத்தேன்.
அவர் திரும்பிப் பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.
"அப்ப ஒடஞ்சது என் பக்கந்தான் புள்ள. கணக்கு சரி.
ஆனா மூணு அடியில ஏறி
நீ எந்தக் கடலுக்குப் போவே?"

பலகைக்கு நண்டுக் கம்பெனியில் பணம் வாங்கினார்.
கேட்ட உடனே கொடுத்தார்களாம்.
கொடுப்பார்கள்.
வள்ளத்தை விற்றபின்
எதில் போய் நண்டு பிடித்துக் கழிப்பார் என்று
நான் கேட்கவில்லை.
இப்போதும் அது உறுத்துகிறது.

ஆவணி எட்டு.
குழுக்கடன் நாற்பது, சங்கிலி அடகு முப்பது,
மச்சினி சீட்டு ஐந்து.
இரண்டு தடவை எண்ணினார்.
தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.
நல்ல நேரம் பார்க்கிற பக்கம் மேலே இருக்கும்படி
மடித்து வைத்துக்கொண்டார்.

முதல் நாள் பத்து மூட்டை.
ஈரப்பாசியின் பாரத்தில்
வள்ளம் தாழ்ந்து, பதவிசாக வந்தது.
பதினெட்டு அடியும் என்னுடையது
என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.
மோட்டார் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

கரையில் தீத்தாரப்பன் தராசோடு நின்றிருந்தார்.
முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து
"வள்ளம் நல்லா அமஞ்சிருக்கு தாயி" என்று
அணியத்தில் கையை ஊன்றினார்,
களைப்பாறுகிறவர்போல.

நுனியிலிருந்து கண்ணால் அளந்தேன்.
மூன்று அடிக்குள்தான்
இருந்தது அந்தக் கை.